எதிர்ல தெரியுற கடைக்கு எதுக்கு இருபது நிமிஷ நடை?

போன இதழ்ல பட்டா, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நிலத்தோட அளவு வரைபடம்) பத்தி எழுதினதுக்கு வந்த கடிதத்துல பாதி மறுபடியும் பட்டா பத்தித்தான். அதையெல்லாம் அடுத்த தடவைக்கு வச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. நடுவுல ஓசூர் பக்கத்துல பேரிகை ஊர்ல இருந்து ஒரு அண்ணன் சீனா போயிட்டு வந்து ஒரு கேள்வி அனுப்பியிருந்தார், அதைப் படிச்சதுல இருந்து எனக்கு வேற எதுவும் ஓடல. முப்பது வருஷமா கிருஷ்ணகிரியில உக்காந்து லேஅவுட் வரைஞ்சு வயித்தைக் கழுவுனவன் நான், இது நம்ம ஏரியா. அதனால இந்தத் தடவை முழுக்கத் தெருவுதான்.

கேள்வி: வணக்கம்ங்க. நான் பேரிகை பக்கம் பாலிஹவுஸ்ல ரோஜா போடுறேன். நாங்க நாலு விவசாயிங்க சேர்ந்து சீனாவுல குன்மிங் ஊருக்குப் போயி அங்க இருக்குற தோவ்நான் பூ மார்க்கெட்டைப் பார்த்துட்டு வந்தோம். மார்க்கெட் அருமை, அது தனிக்கதை. நாங்க தங்குன ஓட்டல் ரூம்ல பின்பக்க ஜன்னலைத் திறந்தா எதிர்ல ஒரு நூடுல்ஸ் கடை போர்டு நல்லாத் தெரியுது, மிஞ்சினா 250 மீட்டர் இருக்கும். ஆனா நடந்து போனா போன் 1,050 மீட்டர்னு காட்டுது, சிக்னல்ல நிக்கறதையும் சேர்த்து 20 நிமிஷம் ஆகுது. நடுவுல ஒரு பெரிய அபார்ட்மெண்ட் காம்பவுண்டு சுவரு. ரோடு என்னமோ நம்ம ஓசூர் ஹைவேயை விட அகலம். இவ்வளவு ரோடு போட்டவன் நடுவுல ஒரு சந்து விட மாட்டானா?

பதில்: அண்ணே, மொதல்ல உங்க கணக்கையே எடுத்துக்குவோம். நேரா 250, சுத்திப் போனா 1,050. ஓட்டல் அந்தக் கட்டத்தோட நடுவுல இருந்துச்சுன்னா, இந்தப் பக்கம் 400 நடந்து, குறுக்க 250 நடந்து, மறுபடி 400 திரும்பி வந்திருக்கீங்க. அப்படின்னா அந்தக் கட்டத்தோட நீளம் 800 மீட்டர். நம்ம கிருஷ்ணகிரி பழையபேட்டையில 800 மீட்டர் நடந்தா எத்தனை சந்து எத்தனை குறுக்குத் தெரு தாண்டுவீங்கன்னு நினைச்சுப் பாருங்க, எண்ண முடியாது. அங்க ஒண்ணுகூட இல்ல, சுவருதான்.

இதுக்குப் பேரு சூப்பர் பிளாக். சீனாவுல புதுசா வளர்ந்த ஊரு எல்லாத்துலயும் இதான் அச்சு. ஆறு லேன் எட்டு லேன்ல ரோடு, அரை கிலோமீட்டருக்கு ஒண்ணு, சில இடத்துல அதை விடவும் தள்ளி. நடுவுல இருக்குற கட்டத்துல ஒரே கம்பெனி முப்பது மாடி டவரா நட்டு, சுத்திச் சுவர் எழுப்பி, ரெண்டு மூணு கேட் வச்சு வாட்ச்மேன் போட்டுடும். அந்தக் குடியிருப்புக்கு அவங்க பாஷையில ஷியாவ்ச்சூன்னு பேரு. உள்ள ரோடு இருக்கும், மரம் இருக்கும், குழந்தைங்க விளையாட இடம் இருக்கும், எல்லாம் அருமையா இருக்கும். ஆனா அந்த ரோடு உள்ள இருக்குறவங்களுக்குத்தான், நீங்க நூடுல்ஸ் சாப்பிட குறுக்கால போக முடியாது.

ஏன் இப்படி ஆச்சுன்னா இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்லீங்க. 1950கள்ல அங்க ஃபேக்டரி, ஆபீஸ், காலேஜ் ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு காம்பவுண்டு கட்டிக்கிச்சு, வேலை பாக்குற இடம், வீடு, மெஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தச் சுவருக்குள்ளயே. டான்வெய்னு சொல்வாங்க. சோவியத் ரஷ்யாவுல இருந்து வந்த நகரத் திட்ட முறையும் பெரிய பெரிய கட்டத்தைத்தான் சொல்லிக் கொடுத்துச்சு. அதனால ஊருன்னா சுவருக்குள்ள சுவருன்னு ஜனங்களுக்கும் பழகிப்போச்சு. அப்புறம் 1988ல அரசியல் சட்டத்தையே திருத்தி நில உபயோக உரிமையை விக்கலாம்னு ஆக்குனாங்க. நிலம் அரசாங்கத்துது, வீட்டுக்குன்னா 70 வருஷத்துக்கு உபயோகிக்கிற உரிமையை மட்டும் கம்பெனிக்கு வித்துடுவாங்க. 1994ல வரி வருமானத்தை மத்திய அரசும் உள்ளூர் அரசும் பிரிச்சுக்கிற முறை மாறுச்சு, உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கை கட்டிப் போச்சு, செலவெல்லாம் அவங்க தலையில. அவங்க கையில விக்கிறதுக்கு இருந்தது நிலம் ஒண்ணுதான்.

இப்ப நீங்களே ஒரு நிலம் விக்கிறவரா யோசிச்சுப் பாருங்க. நூறு ஏக்கரைச் சின்னச் சின்னதா வெட்டி நடுவுல தெரு போட்டு, சாக்கடை போட்டு, லைட்டு போட்டு விக்கலாம். இல்லன்னா சுத்தி நாலு பக்கமும் பெரிய ரோடு மட்டும் போட்டு, நடுவுல இருக்குறதை மொத்தமா ஒரே ஆள்கிட்ட தள்ளிவிட்டுட்டு, உள்ள ரோடு உன் பொறுப்புடா சாமின்னு சொல்லிடலாம். எது சுலபம்? அதைத்தான் பண்ணாங்க. விக்கிறவருக்கும் வேலை மிச்சம், வாங்குறவருக்கும் கேட்டட் கம்யூனிட்டின்னு விளம்பரம் பண்ண வசதி, வீடு வாங்குறவங்களுக்கும் பாதுகாப்புன்னு திருப்தி. இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல, தெருவுல நடக்குறவனைத் தவிர.

நீங்க போன தோவ்நான் மார்க்கெட் இருக்குறது செங்குங்னு ஒரு பகுதியில. குன்மிங்கோட புதுநகரம் அதுதான், தியன்ச்சி ஏரிக்குக் கிழக்கால. ஒரு காலத்துல காய்கறியும் பூவும் விளைஞ்ச பூமி, 2011ல டிஸ்ட்ரிக்ட் ஆக்குனாங்க. யுனிவர்சிட்டிகளை எல்லாம் அங்க கொண்டுபோய் வச்சு, பெரிய ரோடு போட்டு, டவரா கட்டித் தள்ளி, கொஞ்ச வருஷம் ஆளே இல்லாம பேய் நகரம்னு உலகப் பத்திரிகை எல்லாம் எழுதுச்சு, அப்புறம் மெதுவா நிரம்பிடுச்சு. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அமெரிக்க நகரத் திட்ட நிபுணர் பீட்டர் கால்தோர்ப் இதே செங்குங்குக்கு ஒரு மாத்துத் திட்டம் போட்டுக் கொடுத்தார், பெரிய கட்டத்தை எல்லாம் உடைச்சு சின்னக் கட்டமா ஆக்கி, ஒரு அகல ரோட்டுக்குப் பதிலா ரெண்டு குறுகல் ரோடு, நடக்குறவங்களுக்குத் தனித் தெருன்னு. சின்னக் கட்டம் வேணும்னு சீனாவுல பெரிசா பேச ஆரம்பிச்சதுக்கு அந்தத் திட்டமும் ஒரு காரணம். உங்க நூடுல்ஸ் கடை இருந்த பக்கம் மட்டும் அது வந்து சேரல போல.

இன்னொரு கணக்கு சொல்றேன், பேனா பேப்பர் எடுங்க. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சதுரம் போடுங்க. 500 மீட்டருக்கு ஒரு ரோடுன்னா குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு, மொத்தம் 4 கிலோமீட்டர் ரோடு வரும். 250 மீட்டருக்கு ஒண்ணுன்னா 8 கிலோமீட்டர். 100 மீட்டருக்கு ஒண்ணுன்னா 20. இப்ப ரோடுங்க வெட்டிக்கிற இடத்தை எண்ணுங்க. 500க்கு 4 சந்திப்பு, 250க்கு 16, 100க்கு 100. ரோட்டோட நீளம் அஞ்சு மடங்கு ஆகறப்ப சந்திப்பு இருபத்தஞ்சு மடங்கு ஆகுது பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. நடக்குறவனுக்கு அகலத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல, திரும்புறதுக்கு எத்தனை இடம் இருக்குங்கறதுதான் கணக்கு.

இது பெய்ஜிங்க்கும் புரிஞ்சுச்சு. 2016 பிப்ரவரியில அவங்க மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, இனிமே புதுசா சுவர் வச்ச குடியிருப்பு பொதுவா கட்டக் கூடாது, இருக்குறதையும் படிப்படியா திறந்து உள் ரோட்டைப் பொது ரோடா ஆக்கணும், 2020க்குள்ள ஒரு சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் ரோடுன்னு கொண்டு வரணும். மேல போட்ட கணக்குல அந்த 8 எங்க வருதுன்னு பார்த்துக்கோங்க.

கேள்வி: சார், நான் தருமபுரி, இலக்கியம்பட்டி பக்கம் குடியிருக்கேன். எங்க லேஅவுட்டுக்குப் பின்னாடி இன்னொரு லேஅவுட் இருக்கு. எங்க தெரு போய் முட்டுற இடத்துல அவங்க சுவர் கட்டியிருக்காங்க. ஸ்கூல் வேன் அந்தப் பக்கம்தான் வரும், புள்ளைங்களைக் கூட்டிட்டு மெயின் ரோட்டுக்குப் போய்ச் சுத்திட்டு வரணும். சுவரை உடைங்கன்னு கேட்டா திருட்டுப் பயம்னு சொல்றாங்க. எங்க தெருவுலயே பாதிப் பேர் அவங்களுக்கு சப்போர்ட்டு. என்ன பண்றது?

பதில்: தங்கச்சி, பேரிகை அண்ணன் விமானம் ஏறிப் போய்ப் பார்த்ததை நீங்க தினம் காலையில எட்டு மணிக்குப் பார்க்குறீங்க. வித்தியாசம் என்னன்னா அங்க கட்டம் பெரிசு, நம்ம ஊர்ல கட்டம் சின்னது, ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது. ஒரு அஞ்சு ஏக்கர் மாந்தோப்பை ஒருத்தர் வாங்கி மெயின் ரோட்டுல இருந்து ஒரு ரோடு உள்ள விட்டு ரெண்டு பக்கமும் மனை போடுவார், பக்கத்து மூணு ஏக்கரை இன்னொருத்தர் வாங்கி அவரும் அதே மாதிரி. மீன் முள்ளு மாதிரி இருக்கும், நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் குச்சி, குச்சியோட நுனி எல்லாம் முட்டுச்சந்து. நானே அப்படி எத்தனையோ வரைஞ்சிருக்கேன், மறைக்கல. மனை எண்ணிக்கை கூட வரும், புரோமோட்டருக்கு அதானே வேணும்.

ஒரு மீன் முள்ளைக் கணக்குப் போடுவோம். நடுத்தண்டுல 5 சந்திப்பு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கம் ஒரு தெரு, ஆக 10 முட்டுச்சந்து. சந்திப்பும் நுனியும் சேர்த்து 15 புள்ளி. தெருத் துண்டுங்களை எண்ணுனா, மெயின் ரோட்டுல சேர்ற துண்டையும் சேர்த்து, அதுவும் 15. பதினஞ்சை பதினஞ்சால வகுத்தா 1. தெருவோட இணைப்பை அளக்குறவங்க இந்த நம்பரைத்தான் பார்ப்பாங்க, நல்லா கட்டம் கட்டமா இருந்தா 2 கிட்ட வரும், 1.4க்கு மேல இருந்தா பரவால்லன்னு சொல்வாங்க, 1ன்னா முழுக்க மரக்கிளைதான். இப்ப அந்த 10 நுனியையும் பக்கத்துப் பக்கத்துல இருக்குறதோட சேருங்க, ஒரு பக்கம் 4 துண்டு, இன்னொரு பக்கம் 4 துண்டு, மொத்தம் 8. தெருத் துண்டு 23 ஆச்சு, புள்ளி அதே 15, வகுத்தா 1.53. எட்டே எட்டு சின்னத் துண்டு ரோடுதான்! தெரு ஒவ்வொண்ணும் 120 மீட்டர், தெருவுக்குத் தெரு 40 மீட்டர்னு வச்சுக்கோங்க, கடைசி வீட்டுல இருந்து அடுத்த தெருக் கடைசி வீட்டுக்கு 120ம் 40ம் 120ம் சேர்த்து 280 மீட்டர் நடந்தவங்க இனிமே 40 மீட்டர் நடந்தாப் போதும். ஏழுல ஒரு பங்கு. அந்த எட்டுத் துண்டுக்குன்னு சில மனை போகும், புரோமோட்டருக்கு அதை விட மனசு வராது.

நடக்குறது மட்டும் இல்லீங்க. தண்ணிக் குழாயும் தெருவோடதான் போகும், முட்டுச்சந்துல குழாயும் முட்டும், கடைசி வீட்டுக்குப் பிரஷர் வராது, தேங்குன தண்ணி நிறம் மாறி வரும். குப்பை வண்டி, கழிவுநீர் லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் உள்ள போய் ரிவர்ஸ்ல வரணும். தெரு சேர்ந்திருந்தா குழாயையும் வளையமா சேர்த்துடலாம், ஒரு பக்கம் அடைச்சாலும் இன்னொரு பக்கம் தண்ணி வரும். இதையெல்லாம் உங்க தெருவுல எதிர்க்குறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க, ஸ்கூல் வேனை விட இது எடுபடும்.

இப்ப அந்தத் திருட்டுப் பயம். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. சீனாவுலயும் 2016ல இதே சண்டைதான் வந்துச்சு. உத்தரவு வந்த உடனே ஜனங்க கொதிச்சுட்டாங்க, உள் ரோட்டுக்கும் சேர்த்துத்தானே நாங்க காசு கொடுத்து வீடு வாங்குனோம், இப்ப கண்டவனும் கார் ஓட்டறதுக்குத் திறந்துவிடுன்னா எப்படின்னு. அவங்க கேட்டதுல சட்டமும் இருந்துச்சு, 2007ல வந்த அவங்க சொத்துரிமைச் சட்டத்துல குடியிருப்புக்குள்ள இருக்குற ரோடு, நகரத்தோட பொது ரோடா இல்லாத வரைக்கும், வீட்டுக்காரங்க எல்லாருக்கும் சேர்ந்த சொத்துன்னு எழுதியிருந்துச்சு. கடைசில அரசாங்கமே இறங்கி வந்து, எல்லாச் சுவரையும் நாளைக்கே இடிக்கப் போறதில்ல, ஊருக்குத் தகுந்த மாதிரி மெதுவாப் பண்ணுவோம்னு விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு. சீனா மாதிரி ஒரு அரசாங்கத்துக்கே எழும்புன சுவரை இறக்க முடியலன்னா பார்த்துக்கோங்க. நாலு வருஷம் கழிச்சு கொரோனா வந்தப்ப அதே சுவரும் ஒத்தை கேட்டும்தான் ஊரை மூடி வைக்க வசதியா இருந்துச்சு, அதுக்கப்புறம் சுவர் வேண்டாம்னு பேசறது அங்க இன்னும் கஷ்டம்தான்னு என் கணிப்பு.

ஆனா நம்ம ஊர் சட்டம் உங்க பக்கம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. சீனாவுல உள் ரோடு வீட்டுக்காரங்களுக்குச் சொந்தம். நம்ம ஊர்ல டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அப்ரூவ்டு லேஅவுட்டுன்னா ரோட்டை தானப் பத்திரம் போட்டு பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ எழுதிக் கொடுத்தாத்தான் அப்ரூவலே வரும். அப்ப அந்த ரோடு உங்களுதும் இல்ல, பக்கத்து லேஅவுட்டுக்காரங்களுதும் இல்ல, ஊருது. ஊர் ரோட்டை மறிச்சு யாரும் சுவர் எழுப்ப முடியாது. அதனால மொதல்ல ரெண்டு லேஅவுட்டோட அப்ரூவ்டு பிளான் நகலும் பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க, தரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல போடுங்க. பிளான்ல அவங்க ரோடு எல்லைக்கோடு வரைக்கும் வந்து நிக்குதான்னு பாருங்க. வந்து நின்னா உங்களுக்குப் பாதி ஜெயம்.

இதுல ஒரு தில்லுமுல்லு உண்டு, எனக்குத் தெரிஞ்சதால சொல்றேன். சில புரோமோட்டருங்க ரோட்டை எல்லை வரைக்கும் கொண்டு வராம ஒரு அடி ரெண்டு அடி துண்டை மட்டும் தன் பேர்லயே வச்சுக்குவாங்க. பின்னாடி நிலம் வாங்குறவர் வழி கேட்டு வந்தா அந்த ஒரு அடிக்கு ஒரு ஏக்கர் விலை சொல்லலாம்ல! நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருத்தர் அப்படி வரையச் சொன்னார், எதுக்குங்க இந்தத் துண்டுன்னு கேட்டேன், தம்பி அது என் புள்ள கல்யாணத்துக்குன்னார். வரைஞ்சு கொடுத்தேன், வேற வழி. உங்க கேஸ்ல அந்தத் துண்டு இருக்கான்னு ஸ்கெட்சுல அளவு வச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும். லேஅவுட்டு அப்ரூவல் இல்லாததா இருந்து, 2017ல வந்த வரன்முறைத் திட்டத்துல மனைங்களை மட்டும் சரி பண்ணியிருந்தாங்கன்னா ரோடு யார் பேர்ல பட்டா இருக்குன்னு தனியாப் பார்க்கணும், அங்க கொஞ்சம் சிக்கல் இருக்கும்.

பேப்பர் கையில வந்ததும் கிராம சபையில வைங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துலயும் மனு கொடுங்க. ஆனா மனு கொடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்து ஆளுங்களோட ஒரு நாள் டீ குடிங்க. முழுச் சுவரையும் இடிக்கக் கேட்டீங்கன்னா ஒத்துக்க மாட்டாங்க, அவங்க பயமே பைக்குக்காரன் குறுக்கு வழியில விர்ருன்னு வருவான்ங்கறதுதான். நாலடி திறப்பு, நடுவுல ரெண்டு கல்லு நட்டு, ஆளும் சைக்கிளும் மட்டும் போற மாதிரி, மேல ஒரு லைட்டு. புள்ளைங்க நடக்க அது போதும். முழு ரோட்டையும் திறக்குறதை ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசிக்கலாம், அதுக்குள்ள அந்த நாலடி வழியில ரெண்டு பக்கத்துக்கும் பால் வாங்க, அயர்ன் பண்ண, டியூஷன் போகன்னு பழக்கம் வந்துடும். சட்டப்படி முழுசும் கேக்கலாமே, ஏன் இறங்கிப் போகணும்னு உங்க வீட்டுக்காரர் கேட்பார். கேக்கலாம்தான், கோர்ட்டு முடியறதுக்குள்ள புள்ளைங்க காலேஜ் போயிடும்.

கேள்வி: அண்ணா, கிருஷ்ணகிரியில சிவில் படிக்கிறேன். நம்ம அஞ்சு ரோடு ரவுண்டானாவுல சாயங்காலம் நிக்க முடியல. ரோட்டை அகலப்படுத்தி மேல ஒரு பாலம் போட்டா சரியாயிடும்னு எங்க கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க. சீனாவுல அப்படித்தானே பண்றாங்க?

பதில்: தம்பி, சீனாவுல அப்படித்தான் பண்ணாங்க, அதனாலதான் சொல்றேன். பெய்ஜிங்ல ரெண்டாவது ரிங் ரோடு 1992ல முடிஞ்சுச்சு, ஆறாவது ரிங் ரோடு 2009ல, அது மட்டுமே 180 கிலோமீட்டருக்கு மேல, நம்ம கிருஷ்ணகிரியில இருந்து பெங்களூர் போயிட்டுத் திரும்பி வர்ற தூரம். இத்தனை ரிங்கும் போட்டதுக்கப்புறம் 2011ல கார் நம்பர் பிளேட்டுக்குக் குலுக்கல் வச்சாங்க, பேர் விழுந்தாத்தான் பெட்ரோல் கார் வாங்க முடியும். ரோடு பத்தலன்னா ரிங் போட்டவங்க குலுக்கலுக்கு ஏன் போனாங்கன்னு உங்க கிளாஸ்ல கேளுங்க.

காரணம் பேரிகை அண்ணனுக்குச் சொன்னதுதான். கட்டத்துக்குள்ள வழி இல்ல, அதனால பால் வாங்கப் போறவனும் ஏர்போர்ட் போறவனும் ஒரே பெரிய ரோட்டுக்கு வந்தாகணும். அங்க எட்டு லேனுக்குப் பதிலா பன்னெண்டு லேன் போட்டாலும் எல்லாரும் அதே ஒரு சிக்னல்லதான் திரும்பணும். இன்னொண்ணு, அகலம் கூடக் கூட நடக்குறவன் கதி. 60 மீட்டர் ரோட்டைக் கடக்க, நொடிக்கு 1.2 மீட்டர்னு நடந்தா 50 நொடி ஆகும். உங்க பாட்டி கைத்தடியோட நடந்தா அதுக்குள்ள சிக்னல் மாறிடும், நடுவுல நின்னு அடுத்த சிக்னலுக்குக் காத்திருக்கணும்.

நம்ம அஞ்சு ரோட்டுலயும் அதேதான். அந்த அஞ்சு ரோடும் ஒண்ணையொண்ணு பார்க்குறது அந்த ஒரே இடத்துல. ராயக்கோட்டை ரோட்டுப் பக்கத்துல இருக்குற ஆள் பெங்களூர் ரோட்டுப் பக்கம் போகணும்னா ஊருக்குள்ள குறுக்க சேருற தெரு இருந்தாப் போதும், ரவுண்டானாவைத் தொடவே வேண்டாம். தருமபுரி நாலு ரோட்டுக்கும் இதே ஜாதகம்தான். பாலம் போட்டா உச்சி வெயில்ல பாலத்து மேல நிப்பீங்க, அவ்வளவுதான் மாத்தம்னு நான் நினைக்கிறேன், உங்க புரொபசர் வேற சொன்னா அவர் சொல்றதையும் கேளுங்க.

கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் இன்னொரு சுவரு இருக்கு, அதை யாரும் சுவருன்னு நினைக்கிறதில்ல. நேஷனல் ஹைவே 44. ஓசூர்ல இருந்து தொப்பூர் வரைக்கும் ரோட்டோரத்துல எத்தனை ஊர் ரெண்டாப் பிளந்து கிடக்கு! எதிர்ல தெரியுற டீக்கடைக்கு அண்டர்பாஸ் வரைக்கும் போய்த் திரும்பி வரணும், யாரு போவா, சர்வீஸ் ரோட்டுல ராங் சைடுல வருவான், இல்லன்னா மீடியன் மேல ஏறிக் குதிப்பான். அவனைத் திட்டுறோம், திட்ட வேண்டியதுதான், ஆனா ரெண்டு திறப்புக்கு நடுவுல எத்தனை மீட்டர்னு யாரும் அளக்குறதில்ல. உனக்கு ஃபைனல் இயர் பிராஜெக்ட் வேணும்னா இதை எடு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்னு இலவசமா இருக்கு, அதுல நம்ம ஊர் தெருவை இறக்கி முட்டுச்சந்து எத்தனை, மூணு வழிச் சந்திப்பு எத்தனை, நாலு வழி எத்தனைன்னு எண்ணு. 2020ல வந்த ஒரு ஆராய்ச்சி இதே மேப்பை வச்சு உலகத்தையே எண்ணுச்சு, 1975ல இருந்து உலகம் பூரா புதுசா போடுற தெருவுங்களுக்கு இணைப்பு குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு கண்டுபிடிச்சுச்சு. அமெரிக்காவுல 1990கள்ல ரொம்ப மோசமாப் போயி அப்புறம் திரும்ப ஆரம்பிச்சிருக்கு. அதனால இது சீனாக்காரன் வியாதி மட்டும் இல்ல.

கேள்வி: பழைய காலத்துல மட்டும் ஊரைச் சரியா கட்டுனாங்களா? சும்மா பழசைப் பேசாதீங்க. — ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பேசல அய்யா. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முந்தி சீனாவோட தலைநகர் சாங்கான், இன்னைக்கு ஷியான்னு சொல்ற ஊரு, செஸ் போர்டு மாதிரி கட்டியிருந்தாங்க. 108 வார்டு, ஒவ்வொண்ணுக்கும் சுவரு, ராத்திரி முரசு அடிச்சதும் கேட்டைப் பூட்டிடுவாங்க, வெளிய திரிஞ்சா அடி. பிளான்ல பார்க்க அழகு, வாழறதுக்கு ஜெயிலு. அப்புறம் சோங் வம்சத்துல கைஃபெங் தலைநகரா இருந்தப்ப வியாபாரம் பெருத்து அந்தச் சுவர் முறையே உதிர்ந்துச்சு, தெருவுலயே கடை, ராத்திரியெல்லாம் சந்தை. சுவர் வச்ச கட்டத்தை ஒரு தடவை அனுபவிச்சு விட்டுட்டு மறுபடி அதுக்கே போயிருக்காங்க.

நம்ம பழைய ஊருல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்குவேன். தேர் ஓடுற ஊருல வீதி சுத்தி வந்து சேர்ந்தே ஆகணும், ஏன்னா தேருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. தருமபுரி குமாரசாமிப்பேட்டையில தைப்பூசத்துக்குத் தேர் பார்க்கப் போனீங்கன்னா தேரை விட்டுட்டு வீதியைப் பாருங்க.

கேள்வி: சீனாவுல ஷென்ஜென்ல சந்து சந்தா இருக்குற பகுதியை வீடியோவுல பார்த்தேன். இணைப்புதான் முக்கியம்னா அதானே நல்ல ஊரு? — ஓசூர் வாசகி

பதில்: நல்ல மடக்கு. 1980ல சிறப்புப் பொருளாதார மண்டலம்னு அறிவிச்சாங்க, 2020 கணக்கெடுப்புல ஷென்ஜென் ஜனத்தொகை 1 கோடியே 75 லட்சத்துக்கு மேல. அத்தனை வேகத்துல ஊரு பெருத்தப்ப நடுவுல மாட்டுன பழைய கிராமத்துக்காரங்க தங்களோட இடத்துலயே ஆறு மாடி எட்டு மாடின்னு ஏத்தி வாடகைக்கு விட்டாங்க. கைகுலுக்குற வீடுன்னே பேரு, இந்த ஜன்னல்ல இருந்து கையை நீட்டுனா எதிர் வீட்டுக்காரன் கையைப் பிடிக்கலாம். நடந்து போக அதை விட வசதியான இடம் இல்ல, எங்க இருந்தும் எங்கயும் போயிடலாம், கம்மி வாடகை, கீழயே கடை, ஊருக்குப் புதுசா வந்தவனுக்குச் சொர்க்கம். தீ பிடிச்சா வண்டி உள்ள போகாது, கீழ் மாடிக்கு வெயிலே வராது. ரெண்டும் நிஜம். ஓசூர்ல சிப்காட் ஆளுங்க தங்குற லைன் வீடுங்களைப் பார்த்திருப்பீங்க, அதை எட்டு மாடிக்கு அடுக்குன மாதிரி. சந்திப்பு நிறைய வேணும், அதுல ஒண்ணு ரெண்டுலயாவது தீயணைப்பு வண்டி திரும்பணும், நான் கேக்குறது அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு லேஅவுட்ல கடைசி மனை கம்மி விலைக்கு வருது, முட்டுச்சந்து. அதுக்கு முந்தின மூணு வழிச் சந்திப்புல இருக்குறது தெருக்குத்துன்னு வீட்டுல வேண்டாங்கறாங்க. எதை வாங்கலாம்? — பர்கூர் வாசகர்

பதில்: தெருக்குத்துக்கு நான் ஆள் இல்லீங்க, ஆனா ராத்திரி வண்டி லைட்டு நேரா உங்க ஹால்ல அடிக்கும், பிரேக் பிடிக்காத ஆள் நேரா கேட்டுக்கு வருவான், அதைத்தான் பெரியவங்க குத்துன்னு சொல்லியிருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். முட்டுச்சந்துல அமைதி இருக்கு, புள்ளைங்க தெருவுல விளையாடலாம், அமெரிக்காவுல அதுக்குன்னே கூடக் காசு கொடுத்து வாங்குனாங்க. கம்மி விலைக்கு வருதேன்னு அவசரப்படாதீங்க. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி பிளான்ல அந்தத் தெருவோட நுனி எல்லைக்கோட்டைத் தொடுதா, பக்கத்து நிலம் பின்னாடி லேஅவுட் ஆனா ரோடு சேருமான்னு பாருங்க. அப்புறம் ஒரு தண்ணி லாரிக்காரரைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கடைசி மனை வரைக்கும் உள்ள விட்டுத் திருப்பிக்கிட்டு வரச் சொல்லுங்க. அவர் திரும்பி வர்றதுக்குள்ள புரோமோட்டர் இன்னும் இருபதாயிரம் குறைச்சிருப்பார்.